பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

வேண்டாங்க தம்பி, நீங்களே உக்காருங்க. எடம் இருக்கறது தெரியுதுங்க. உக்காரத்தான் முடியாது. அவிநாசி தாண்டட்டும், அப்பறம் பாக்கலாம். நிக்கறது எனக்கொண்ணும் புதுசில்லீங்க. முப்பத்தியொரு வருசம் பஸ்ஸுல நின்னே பொழப்பு ஓட்டுனவன். செக்கிங் இன்ஸ்பெக்டரு. பேரு நாச்சிமுத்து. பஸ்ஸுல ஏறி ஒரு பார்வை பாத்தன்னா, எவன் டிக்கெட் எடுக்கலைன்னு மூஞ்சியே சொல்லிப்போடும். என்னைய எவனும் ஏமாத்த முடியாது தம்பி. ஒருத்தனத் தவிர.

இந்தப் பையை மட்டும் சித்தே மடியில வெச்சுக்கறீங்களா? பாத்து, மூக்கு குத்தும். சைக்கிள் சீட்டுங்க. அமுக்கிப் பாருங்க. கல்லாட்டம் இருக்குதல்ல? அதுதான் வேணும். காத்தால பத்து மணில இருந்து கோயமுத்தூர்ல ஒரு கடையில ஏழு சீட்டுல மாத்தி மாத்தி ஏறி உக்காந்து பாத்து, இதைப் பொறுக்கி எடுத்துருக்கறேன். அந்த லட்சணத்துலதான் இப்ப உக்கார முடியாம நிக்கறேன்.

எனக்கா? எனக்கில்லீங்க. என்ற எதிரிக்கு. பக்கத்து ஊட்டுக்காரன், தெய்வசிகாமணின்னு பேரு. பேரைக் கேட்டு ஏமாந்துறாதீங்க. அவனைப் பழி வாங்கறதுக்குத்தான் தம்பி இதைச் சொமந்துட்டுப் போறேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான். முழுசாக் கேட்டுப்போட்டு நீங்களே நாயஞ் சொல்லுங்க.

போன ஆவணியில டாக்டரு சொல்லிட்டாரு, சக்கரை ஏறிக் கெடக்குது, தெனமும் நடங்கன்னு. நடந்தா குதிகால் வலி. அப்ப சைக்கிள் ஓட்டுங்கன்னாரு. அதுக்கென்ன, இருவத்தஞ்சு வயசு வரைக்கும் சைக்கிளே கதின்னு கெடந்தவன்தான? அப்பறம் மோட்டார் சைக்கிள் வந்துச்சு, பஸ் பாஸு வந்துச்சு, விட்டுப்போச்சு. இப்ப எனக்கு அறுவத்திரெண்டு. புதுச் சைக்கிள் ஒண்ணு வாங்கியாந்து, வெடியால ஆறு மணிக்கு, என்ற சம்சாரம் மயிலாத்தா கேட்டுல நின்னு பாக்க, காலைத் தூக்கிப் போட்டு ஜம்முனு போனனுங்க.

சைக்கிள் ஓட்டறது சாகற வரைக்கும் மறக்காதும்பாங்க. வாஸ்தவந்தான். ஓட்டறது மறக்கலை. உக்கார்றதுதான் மறந்துபோச்சு. கொடிவேரி ரோட்டுல மூணு கிலோமீட்டர் போயித் திரும்பறதுக்குள்ள உக்கார்ற எடம் இருக்குது பாருங்க, பொம்பளைங்க இருக்கறாங்க, அந்த வார்த்தையை நான் சொல்லமாட்டேன், உக்கார்ற எடம் ரெண்டாப் பொளந்தாப்பல ஆயிருச்சு. உள்ளங்கை மரத்துப் போச்சு. கழுத்து புடிச்சிக்கிச்சு. ஊருக்குள்ள டீக்கடைகிட்ட எறங்குனா, ரெண்டு காலையும் சேத்து வெக்க முடியலைங்க. தொடைக்கு நடுவால பானை வெச்சாப்பல அகட்டி நிக்கறேன்.

அங்க அவன் இருந்தான். சைக்கிள் மேலயே உக்காந்துட்டு. அதை உங்களுக்குச் சொல்லோணும். அவங்கிட்ட ஒரு கறுப்புச் சைக்கிள். அம்பது வருசமா அதுலயேதான் சுத்தறான், நடுவுல விட்டதே கெடையாது. பால் சொசைட்டில செக்ரட்டரியா இருந்தப்பவும் அதுதான், இப்பவும் அதுதான். சீட்டை அடி மட்டத்துக்கு எறக்கி வெச்சிருப்பான். ரெண்டு காலும் சப்புன்னு தரையில ஊனணும் அவனுக்கு. பெஞ்சு காலியாக் கெடந்தாலும் உக்காரமாட்டான். டீக்கடைக்கு முன்னால வண்டிய நிறுத்தி, காலை ஊனி, சீட்டு மேலயே உக்காந்து டீ குடிப்பான். சிம்மாசனம். அங்கிருந்துதான் ஊர்ல போறவன் வர்றவனையெல்லாம் வம்புக்கு இழுப்பான்.

நாங்க ஒண்ணாவதுல இருந்து ஒரே பெஞ்சுங்க. ஊடும் பக்கத்துப் பக்கத்துல. அவன் சம்சாரம் சொர்ணம் போயி ரெண்டு வருசமாச்சு. ஒரே பையன், பெங்களூர்ல. ஒத்தக்கட்டை. அதுக்காகப் பாவம் பாத்துறாதீங்க.

என்னையப் பாத்தானா, "ஏண்டா நாச்சி, குண்டி காயமா?"ன்னான். அவனுக்கு அந்த வார்த்தையெல்லாம் கூச்சமே இல்லாம வரும். "பஞ்சு சீட்டு வாங்கிப் போடுடா, தலகாணியாட்டம். சொகமா இருக்கும்"னான். நானும் அவன் பேச்சைக் கேட்டு வாங்கிப் போட்டனுங்க. அகலமா, மெத்து மெத்துன்னு, அமுக்குனா வெரலு உள்ள போகுது. மொதப் பத்து நிமிசம் சொர்க்கம். அப்பறம் ஒடம்பு உள்ள அமுந்து அமுந்து, பக்கவாட்டுல ஒரசி ஒரசி, தொடையெல்லாம் தோலு போயிருச்சு. முன்னத்ததே தேவலைன்னு ஆயிப்போச்சு. வேணும்னே சொன்னான் தம்பி. அம்பது வருசம் சைக்கிள்ல கெடந்தவனுக்கு இது தெரியாதா? உங்களுக்கென்ன தோணுது? சும்மா தலையாட்டாதீங்க. தெரிஞ்சேதான் சொன்னான்.

அதோட விட்டானா? கார்த்திகை மாசம் என்ற கொழுந்தியா மகளுக்குக் கோபியில கல்யாணம். பந்தியில நாற்காலி போட்டிருந்தாங்க, பிளாஸ்டிக்கு. உக்காந்தா உசுரு போகுது. தோள்ல கெடந்த துண்டை நாலா மடிச்சு அடியில வெச்சு உக்காந்தேன். ஒருத்தருக்கும் தெரியாமத்தான் வெச்சேன். எதுத்த வரிசையில இருந்தவன் பாத்துட்டான். மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் உக்காந்திருக்கறாங்க தம்பி. சத்தமா எந்திரிச்சு நின்னு சொல்றான், "எல்லாரும் கம்முனு இருங்க. எங்க இன்ஸ்பெக்டரு அடைகாக்கறாரு. முட்டை ஒடஞ்சுறப் போகுது."

சிரிச்சாங்க. சரி, சிரிச்சுப்போட்டுப் போகட்டும்னு ரசத்தை ஊத்திக்கிட்டேன். கை கழுவ எந்திரிச்சான் பாருங்க, என்னையாட்டமே காலை அகட்டி, இடுப்பை இப்புடியும் அப்புடியும் ஆட்டி ஆட்டி, குழாய் வரைக்கும் வாத்து நடை நடந்துட்டுப் போனான். மூணு வரிசையும் எலையில கையை வெச்சுக்கிட்டு உருண்டு சிரிச்சுது. ஒருத்தருக்குப் புரையே ஏறிப்போச்சு. என்ற பொண்டாட்டி, முப்பத்தேழு வருசம் எங்கூடக் குடித்தனம் பண்ணுனவ, முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறா. அதை நான் மறப்பனா?

அன்னில இருந்து என்ற பேரு வாத்து. முப்பத்தியொரு வருசம் இன்ஸ்பெக்டருன்னு கூப்புட்ட ஊரு. ஒரு மத்தியான விருந்துல போச்சு. ரேசன் கடையில "வாத்து அண்ணன் கார்டை எடுத்துக் குடு"ங்கறான். திருப்பூர்ல இருந்து மச்சினன் போன் பண்ணி, "என்னங்க மாமா, குஞ்சு பொரிச்சிருச்சா?"ங்கறான். பேரு போனா வருமா தம்பி?

ஈரத்துண்டோட நின்னு பச்சமலை முருகனைக் கும்புட்டுச் சொன்னேன். முருகா, என்னைய எல்லாருக்கும் முன்னால அசிங்கப்படுத்துனான். அதே மாதிரி இவனையும் எல்லாருக்கும் முன்னால சிம்மாசனத்துல இருந்து உருட்டிக் காட்டறேன், அப்பத்தான் எனக்கு ஆறும்னு. சீக்கிரம் பண்ணோணும். ஏன்னா தை பொறந்தா அவன் பெங்களூருக்குப் போறதா இருந்துச்சு. அவனுக்கு ரெண்டு முட்டியும் போச்சு, ரொம்ப வருசமாவே. மாடிப்படி ஏறமாட்டான், கக்கூசுல குந்தமாட்டான். இந்த முட்டியோட தனியா இருக்க வேண்டாம்ப்பான்னு பையன் ஒத்தக்கால்ல நின்னான். போறதுக்கு முந்தி உருட்டிப்போடோணும், அப்பறம் போயித் தொலையட்டும், ஊரு சுத்தமாகும். இதுதான் என்ற திட்டம்.

சரி, எதிரியச் சாய்க்கறதுக்கு முந்தி நம்மளைத் தேத்திக்கோணுமல்ல? கோயமுத்தூர்ல ஒரு சைக்கிள் கடை இருக்குதுன்னாங்க, போனேன். ரெஜினான்னு ஒரு பொண்ணு, அதுவே முதலாளி, அதுவே மெக்கானிக்கு. என்ற பஞ்சு சீட்டைப் பாத்துச் சிரிச்சுது. "மெத்துன்னு இருந்தா சொகம்னு எல்லாரும் நெனைக்கறாங்க அங்கிள். அடியில ரெண்டு எலும்பு இருக்கு, அது உக்கார்றதுக்கு எடம் இருந்தாப் போதும்"னுச்சு. ஒரு அட்டையைப் போட்டு அது மேல என்னைய உக்கார வெச்சுது. எந்திரிச்சுப் பாத்தா அட்டையில ரெண்டு குழி. ஸ்கேல் வெச்சு அளந்து, அதுக்கேத்த கெட்டிச் சீட்டு ஒண்ணு மாட்டுச்சு. பெடல் அடியில இருக்கறப்பக் குதிகாலை வெச்சா காலு நேரா நீளணும்னு சீட்டை ஒசத்துச்சு. ஹேண்டில்பாரையும் ஒசத்துச்சு, கையும் கழுத்தும் நேராயிருச்சு. "பத்து நாளு வலிக்கும் அங்கிள். பதினோராம் நாளு மறந்துரும்"னுச்சு. சொன்னாப்பலயே பதினோராம் நாளு உக்கார்ற எடம் ஒண்ணு இருக்கறதே எனக்கு நெனப்பு வரலைங்க.

பொறப்படறப்ப அது ஒரு வார்த்தை சொல்லுச்சு. "பழகுன வண்டியில ஒரு இஞ்ச் மாத்துனாலே ஒடம்பு தடுமாறும், பாத்து ஏறுங்க." அது எனக்குப் புத்திமதி சொல்லுச்சு. எனக்கு முருகன் வழி சொன்னாப்பல இருந்துச்சு. தெய்வசிகாமணி அம்பது வருசம் பழகுன வண்டி. சீட்டை மூணு வெரக்கடை தூக்கி வெச்சா? டீக்கடைக்கு முன்னால வந்து காலை ஊனுவான். காலு எட்டாது. டீ, கெளாசு, செக்ரட்டரி, எல்லாம் ஒண்ணா உருளும். வாத்து நடந்துட்டுப் போயித் தூக்கி உடலாம்னு இருந்தேன்.

மார்கழி மாசம், மத்தியானம் ரெண்டு மணி. உண்டுபோட்டு அவன் நாலு மணி வரைக்கும் தூங்குவான். வண்டி காம்பவுண்டுக்குள்ள புளிய மரத்தடியில நிக்குது. பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துட்டுச் செவுரு ஏறிக் குதிச்சனுங்க, இந்த வயசுல. என்ற ஸ்பேனர்ல பேரு வெட்டியிருக்கும். எங்கூட்டுல கரண்டில இருந்து அண்டா வரைக்கும் மயிலாத்தா பேரு வெட்டி வெச்சிருக்கறா, எவ இரவல் வாங்குனாலும் திருப்பித் தரணுமல்ல. பேரு வெட்டறவன் வந்தப்ப நானும் ஸ்பேனரு, சுத்தியல், திருப்புளி எல்லாத்துலயும் நா.மு.ன்னு வெட்டி வாங்கிட்டேன்.

நட்டு துருப்புடிச்சு ஒட்டிக் கெடக்குது. தேங்காண்ணை உட்டு, மல்லுக்கட்டித் திருகி, சீட்டைத் தூக்கி, மறுக்கா முறுக்கறேன், உள்ள இருமல் சத்தம். இறுக்குனதும் இறுக்காததுமாச் செவுரு தாண்டி ஓடியாந்துட்டேன். அன்னிக்கு நல்லாத் தூங்குனனுங்க.

அடுத்த நாளு வெடியால ஆறு மணிக்கே டீக்கடையில ஆளுங்களைச் சேத்து வெச்சுட்டேன். பால் ஊத்த வந்தவங்க, பஸ்ஸுக்கு நின்னவங்க, எல்லாரையும் "இருங்க, இருங்க, ஒரு சமாச்சாரம் இருக்குது"ன்னு புடிச்சு வெச்சேன். வந்தான். பிரேக் புடிச்சான். வலது காலை எறக்குனான். காலு தரையைத் தேடுது, கெடைக்கலை. வண்டி சாயுது. எனக்கு வாயெல்லாம் பல்லு தம்பி. கூரைக் கம்பத்தை எட்டிப் புடிச்சுக்கிட்டு, காலைச் சொழட்டிப் போட்டு எறங்கி நின்னுட்டான்.

சீட்டைப் பாத்தான். அப்பறம் குனிஞ்சு முட்டியத் தடவிப் பாத்தான். போச்சு, முட்டி பெசகிருச்சுன்னு நெனைச்சேன். உருண்டிருந்தா சிரிச்சிருப்பேன், இதைப் பாத்து ரெண்டு எட்டு முன்னால போயிட்டேன். நிமுந்து என்னையப் பாத்துச் சொல்றான், "டேய் நாச்சி, முட்டி வலிக்கலைடா." ஊட்டுல இருந்து கடை வரைக்கும் மிதிச்சு வந்திருக்கான், முட்டி ஒருக்காக்கூடக் கொக்கி போட்டாப்பலப் புடிச்சு இழுக்கலையாம். வண்டி எறகாட்டம் வருதுங்கறான். கடையில இருந்தவங்களெல்லாம், "இதுதானுங்களா சமாச்சாரம்?"னு என்னையப் பாக்கறாங்க.

அட கெரகமே! எனக்கு அப்பத்தான் தம்பி பொறி தட்டுச்சு. ரெண்டு காலும் ஊனி டீ குடிக்கோணும்கற வறட்டுக் கௌரவத்துக்காக, அம்பது வருசம் முட்டிய நெஞ்சு வரைக்கும் மடக்கி மடக்கி மிதிச்சிருக்கான். அதுலதான் முட்டி போயிருக்குது. அவன் சிம்மாசனத்தைக் கவுக்கறேன்னு நான் போயி, என்ற கையால, என்ற தேங்காண்ணையில, அவனுக்கு வைத்தியம் பண்ணிப்போட்டு வந்துருக்கறேன்.

தையும் பொறந்துச்சு. அவன் போனானா? பையனுக்குப் போன் போட்டு, "எனக்கு முட்டி சரியாப் போச்சு சாமி, நான் வர்லை"ன்னு சொல்லிப்போட்டான். டீக்கடையில நின்னு ஊருக்கே கேக்கற மாதிரிச் சொன்னான். நான் ஊட்டுக்கு வந்து சோத்துத் தட்டைத் தள்ளி உட்டேன். மயிலாத்தா, "நல்லதாப் போச்சுங்க, பக்கத்து ஊடு பூட்டிக் கெடந்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கும்"ங்கறா. யாரு பக்கம் பேசறா பாருங்க.

அப்பறம் புடிச்சுது சனியன். தெனமும் அஞ்சரை மணிக்கு எங்கூட்டுக் கேட்டுகிட்ட வந்து மூணு பெல்லு. "வாத்து! வாடா!" போகலைன்னா பயந்துட்டான்னு ஊர்ல சொல்லுவானல்ல? அதனால போனேன். மொத நாளு மூணு கிலோமீட்டர். அப்பறம் கொடிவேரி அணை வரைக்கும். ஒரு நாளு சத்தியமங்கலம் வரைக்கும் போயிட்டு வந்துட்டோம், நானும் உடலை, அவனும் உடலை. மாசி கடைசில ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு டாக்டரு, "என்னங்க பண்ணுனீங்க, சக்கரை நல்லா எறங்கியிருக்குதே"ன்னாரு. எதிரி பண்ற வேலைங்கன்னேன். அவருக்குப் புரியலை.

கொடிவேரில மதகுகிட்ட உக்காருவோம். அவன் பேசிக்கிட்டே இருப்பான், கேட்டுத் தொலைக்கோணும். ஒரு நாளு சொர்ணத்தைப் பத்திப் பேச்சு வந்துருச்சு. "அன்னிக்கு அவ உழுந்தப்ப, இந்த முட்டிய வெச்சுக்கிட்டு என்னால அவளைத் தூக்க முடியலைடா நாச்சி. நீதான தூக்குன"ன்னான். ஆமாங்க, நாந்தான் தூக்கிட்டுப் போயிக் கார்ல வெச்சேன். பக்கத்து ஊட்டுக்காரன் பண்ற வேலைதான அது, அதை எதுக்குப் பேசிக்கிட்டு. அழுதுட்டான் தம்பி. எதிரி அழுதா மனசு குளிரோணுமல்ல? எனக்குக் குளிரலை. நான் எந்திரிச்சுப் போயி ரெண்டு வண்டிக்கும் காத்து இருக்குதான்னு அமுக்கிப் பாத்துட்டு நின்னேன்.

பஸ்ஸு அவிநாசி தாண்டிருச்சுங்களா? சரி, சித்தே ஒட்டுனாப்பல உக்கார்றேன். அம்மாடி. பையை நீங்களே வெச்சுக்குங்க.

இதுக்கு நடுவால ஒரு சங்கதி. அந்த டெஸ்ட்டுக்கு அடுத்த வாரம் என்ற வண்டிக்கு நட்டு முறுக்க ஸ்பேனரைத் தேடுனா, பொட்டியில இல்லை. பதினாலாம் நம்பர். அப்பத்தான் சுரீர்னுச்சு. அன்னிக்கு இருமல் சத்தம் கேட்டு ஓடியாந்தேன் பாருங்க, அவன் வண்டி கேரியர் மேலயே வெச்சுட்டு வந்துட்டேன். நா.மு.ன்னு பேரோட! அப்ப அவனுக்குத் தெரியும். மொத நாள்ல இருந்தே தெரியும். ரெண்டு மாசம் எங்கூடச் சுத்தியிருக்கான், ஒரு வார்த்தை கேக்கலை. சீட்டை யாருடா தூக்குனான்னு கூடக் கேக்கலை. எவ்வளவு அழுத்தம் பாருங்க அவனுக்கு. மனசுக்குள்ள வெச்சுக்கிட்டுச் சமயம் பாக்கறான், வேறென்ன? நானும் அவன் மூஞ்சிய உத்து உத்துப் பாத்தேன். முப்பத்தியொரு வருசம் மூஞ்சி படிச்சவன் நானு. ஒண்ணும் புடிபடலை. என்னையப் பாத்தா சிரிப்பான், அவ்வளவுதான்.

இப்பப் பங்குனியில, பதினஞ்சு நாளைக்கு முந்தி, அஞ்சரை ஆச்சு, பெல்லு அடிக்கலை. கேட்டுகிட்டயே நின்னேன். ஆறு ஆச்சு. அடுத்த நாளும் அடிக்கலை. மூணாம் நாளு மயிலாத்தா, "கேட்டையே புடிச்சுக்கிட்டு நின்னா? போயித்தான் பாருங்களேன்"னா. எனக்கென்ன வந்துச்சு, நான் போகலை. நாலாம் நாளு போனேன். குப்புறப் படுத்துக் கெடக்கறான். அவன் சீட்டு அம்பது வருசத்துச் சீட்டல்லங்களா, ஸ்பிரிங்கு ஒடஞ்சு கம்பி வெளிய வந்து குத்தியிருக்குது. எங்கூடச் சமமா வர்றதுக்காக அதோடயே நாலஞ்சு நாளு மிதிச்சிருக்கான், வாயத் தெறக்காம. புண்ணாயிப் போச்சு. ஊசி போட்டுக்கிட்டுப் படுத்துட்டான்.

பையனுக்குச் சேதி போயிருச்சு. "சைக்கிளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், வாங்கப்பா"ன்னு வர்ற ஞாயித்துக்கெழமைக்கு ரயிலுக்கு டிக்கெட் போட்டு அனுப்பிட்டான். இந்தத்தாட்டி அவனும் சரின்னுட்டான். "இனி அந்த வண்டியில ஏற எனக்குப் பயமா இருக்குதுடா. நான் போறண்டா நாச்சி"ன்னான். "போடா, போ, தொல்லை உட்டுச்சு"ன்னேன். மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னேன். சொல்லிப்போட்டு ஊட்டுக்கு வந்தா, ரெண்டு நாளாச் சோறு எறங்கலைங்க.

நீங்களே சொல்லுங்க தம்பி. என்ற பேரைக் கெடுத்துட்டு, முட்டியும் சரி பண்ணிக்கிட்டு, சோபாவுல சாஞ்சு டிவி பாக்கப் பெங்களூருக்குப் போயிருவானா? அவன் போயிட்டா வாத்துன்னு பேர் வெச்சவன் போயிருவான், பேரு மட்டும் எங்கிட்டயே கெடக்கும். நான் ஒத்தையில கொடிவேரிக்குப் போயி, ஒத்தையில மதகுகிட்ட உக்காந்துட்டு வரோணுமா? எந்த ஊரு நாயம் இது? உடுவனா நானு?

இந்தச் சீட்டை மாட்டுனா பத்து நாளு வலிக்கும். நல்லா வலிக்கும். எனக்கு வலிச்சுதல்ல, அவனுக்கும் வலிக்கட்டும். பதினோராம் நாளு பழகிரும், பழகிருச்சுன்னா அந்தச் சீட்டை உட்டு அவனால எறங்க முடியாது. ரயிலாவது மண்ணாவது. தெனமும் அஞ்சரைக்கு எந்திரிச்சு எங்கூட மிதிச்சுச் சாகட்டும். ஆயுள் தண்டனை.

அளவு வேணுமல்ல? நேத்து டிவி வந்த அட்டைப் பெட்டியைக் கிழிச்சு எடுத்துட்டுப் போயி, அவன் நாற்காலில போட்டு, "உக்காருடா, பேசோணும்"னேன். "எதுக்குடா அட்டை?"ன்னான். "மூட்டைப்பூச்சிக்கு"ன்னேன். புண்ணு ஆறிப்போச்சு, பயந்தான் ஆறலை. மெல்ல உக்காந்தான். என்ன பேசறதுன்னு தெரியாம மழையைப் பத்திப் பேசுனேன், பங்குனி வெய்யல்ல. எந்திரிச்சதும் அட்டையைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டேன். கடையில அந்த ரெஜினாப் பொண்ணு அளந்துட்டு, "யாருக்கு அங்கிள், உங்களுது இல்லையே?"ன்னுச்சு. "எதிரிக்கும்மா"ன்னேன். "எதிரிக்கா அளவெடுத்து வாங்கறீங்க?"ன்னு சிரிக்குது. சின்னப் பொண்ணு, அதுக்கென்ன தெரியும் பழி வாங்கறதைப் பத்தி. அவன் அளவுல ஏழு சீட்டு எடுத்து வெச்சுது. கெட்டியில எது கெட்டின்னு ஏறிப் பாக்கோணுமல்ல, நானே ஏறிப் பாத்தேன்.

கோபி வந்துருச்சே. குடுங்க தம்பி, பையைக் குடுங்க. இந்தப் பக்கம் புடிச்சுக் குடுங்க, மூக்கு கம்பியில இடிக்குது. ஸ்டாண்டுல என்ற சைக்கிள் நிக்குது, நாலு கிலோமீட்டர்தான், உக்காராமயே மிதிச்சுப் போயிருவேன்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நேத்து அட்டையோட போனப்ப அவன் கட்டில் மேல பொட்டி தெறந்து கெடந்துச்சு. பெங்களூருக்குக் கட்டறான். நாலு வேட்டி, மாத்திரை டப்பா, சொர்ணத்தோட போட்டா. அந்தப் போட்டாவுக்குப் பக்கத்துல, ஒரு பழைய துண்டுல சுத்தி, பதினாலாம் நம்பர் ஸ்பேனர். நா.மு.ன்னு மேல தெரியுது. நான் பாத்தேன். நான் பாக்கறதை அவனும் பாத்தான். துண்டை இழுத்து மூடி வெச்சுட்டான்.

அங்க அவனுக்குச் சைக்கிளே இல்லீங்க. ஸ்பேனரை வெச்சு என்ன பண்ணுவான் சொல்லுங்க? திருட்டுப் பய. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, என்ற பேரு வெட்டுன சாமானைப் பொட்டியில வெச்சு ஊரு தாண்டிக் கொண்டு போகப் பாக்கறான். உடமாட்டேன். வரட்டுங்களா தம்பி? நேரா அவன் ஊட்டுக்குத்தான் போறேன். இந்தச் சீட்டை மாட்டறதுக்கு அந்த ஸ்பேனருதான வேணும்.